தீபாவளி விருந்துக்கு இலையுதிர்காலப் பழக்கலவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாகத் தீபாவளியன்று எங்கள் அடுக்குமாடி வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணம் நிறையப் பழக்கலவை வைப்பது வழக்கம். சாப்பிட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்து பார்ப்பார்கள், பிறகு கைபேசியில் கூப்பிட்டு ஏதாவது கேட்பார்கள். அப்படி அடிக்கடி வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

சிங்கப்பூரில் இலையுதிர்காலமே கிடையாதே, அப்புறம் ஏது இலையுதிர்காலப் பழம்?

நம் ஊரில் இலை உதிர்வதற்கென்று ஒரு காலம் இல்லைதான். ஆனால் நாம் சாப்பிடும் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. அதனால் மற்ற நாடுகளின் பருவங்கள் நம் பழக்கடைகளில் தெரியும். கொரியா, ஜப்பான், சீனா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை அறுவடைக் காலம். கொரியப் பேரிக்காய், தக்காளி போலிருக்கும் ஆரஞ்சு நிறப் பெர்சிமன், புது ஆப்பிள், திராட்சை எல்லாம் அப்போதுதான் பெட்டி பெட்டியாக இறங்கும். சீனர்களின் நடு இலையுதிர்கால விழாவுக்காகப் பம்பளிமாசும் குவியும். அந்த விழா முடிந்து சில வாரங்களில் நமக்குத் தீபாவளி. இந்தப் பழங்கள் நன்றாக இருக்கும் நாட்களிலேயே நம் பண்டிகையும் வருவது நமக்கு வசதி.

தீபாவளிக்குத்தான் இத்தனை பலகாரம் இருக்கிறதே, பழக்கலவை எதற்கு?

பலகாரம் இருப்பதால்தான் வேண்டும். வருகிறவர்கள் காலையிலிருந்து நாலைந்து வீடு ஏறி இறங்கியிருப்பார்கள். நெய் உருண்டை, முறுக்கு, அதிரசம், பிரியாணி என்று வாயெல்லாம் நெய்யும் மசாலாவுமாக இருக்கும். வெளியே வெயில் 32 டிகிரி அடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இன்னோர் இனிப்பை நீட்டினால் மரியாதைக்காக ஒரு வாய் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சில்லென்று, மொறுமொறுவென்று, கொஞ்சம் புளிப்போடு ஒரு கிண்ணம் கொடுத்துப் பாருங்கள், முகமே மாறிவிடும்.

நான் இந்தக் கலவையை இனிப்புப் பண்டமாக நினைப்பதில்லை. விருந்துக்குப் பிறகு வாயைச் சுத்தமாக்கிக் கொடுப்பதுதான் இதன் வேலை. கீழே வரும் பதில்களில் பாதி இந்த எண்ணத்திலிருந்து வருபவை. சர்க்கரைப்பாகு ஏன் வேண்டாம், பழுத்துக் குழைந்த பழம் ஏன் வேண்டாம், ஏன் கடைசி நேரத்தில் கலக்க வேண்டும் என்பதெல்லாம் அதனால்தான்.

பழத்தைக் கலந்து சாப்பிடுவது நமக்குப் புதிதும் அல்ல. பழனிப் பஞ்சாமிர்தம் வாழைப்பழத்தோடு வெல்லம், நெய், தேன், பேரீச்சை, ஏலக்காய் எல்லாம் சேர்ந்ததுதானே. அது பிரசாதம், நாக்கில் குழைய வேண்டும். நாம் செய்யப்போவது பல்லில் நறுக்கென்று கடிபட வேண்டும்.

என்னென்ன பழம், எவ்வளவு?

15 பேருக்கு நான் எடுக்கும் அளவு இது: பெரிய கொரியப் பேரிக்காய் 1, கெட்டியான பெர்சிமன் 4, ஆப்பிள் 2, விதையில்லாத திராட்சை 400 கிராம், பெரிய மாதுளை 1, பம்பளிமாசு பாதி. தோல், விதை, காம்பு போக இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் தாராளமாகக் கிடைக்கும்.

ஆறு வகைக்கு மேல் போகாதீர்கள். பத்துப் பதினைந்து பழம் போட்டால் பார்க்க நிறைவாக இருக்கும், வாயில் வைத்தால் எது எதுவென்றே தெரியாது. பப்பாளியும் தர்பூசணியும் நல்ல பழங்கள்தான், ஆனால் இந்தக் கூட்டத்தில் சேராது. ஒன்று குழைந்துவிடும், மற்றது நீர் விட்டுக் கிண்ணத்தையே நனைத்துவிடும். வாழைப்பழம் கறுத்துப்போகும், அதையும் விட்டுவிடுங்கள். கொய்யா பிடிக்குமென்றால் விதையில்லாத கெட்டிக் கொய்யாவை ஆப்பிளுக்குப் பதிலாகப் போடலாம், நன்றாகவே இருக்கும்.

பெர்சிமன் சாப்பிட்டதும் வாயெல்லாம் இழுத்துப் பிடிக்கிறதே, ஏன்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. எனக்கும் ஒரு வருடம் அப்படி நடந்திருக்கிறது. கடையில் பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் இருந்ததைப் பார்த்து ஒரு தட்டு வாங்கி வந்து, ருசி பார்க்காமல் அப்படியே நறுக்கிப் போட்டுவிட்டேன். முதல் வாய் வைத்த என் சித்தப்பா பேசவே முடியாமல் தண்ணீர் கேட்டார். மற்ற பழங்களோடு கலந்துவிட்டதால் பெர்சிமனை மட்டும் பொறுக்கி எடுக்கவும் வழியில்லை, முழுக் கிண்ணமும் வீணானது. அன்றிலிருந்து எந்தப் பழமானாலும் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் கிண்ணத்துக்குப் போகும்.

பெர்சிமனில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. தக்காளி மாதிரி தட்டையாக இருப்பது ஃபுயு. இதை ஆப்பிள் போலக் கெட்டியாக இருக்கும்போதே சாப்பிடலாம், நமக்கு வேண்டியது இதுதான். அடிப்பக்கம் கூம்பாக நீண்டு, மாட்டின் இதயம் போல இருப்பது ஹச்சியா. அதில் துவர்ப்புச் சத்தான டானின் நிறைய உண்டு. அது எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் நாக்கு மரத்துப்போனது போல இருக்கிறது. ஹச்சியா நன்றாகக் கனிந்து, தோலுக்குள் கூழ் நிறைந்த பை மாதிரி ஆன பிறகே அந்தத் துவர்ப்பு அடங்கும். தெரியாமல் வாங்கிவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். ஒரு காகிதப் பையில் வாழைப்பழத்தோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு சீக்கிரம் கனிய வைக்கும். பிறகு கரண்டியால் வழித்துச் சாப்பிடலாம், கலவைக்கு மட்டும் வேண்டாம்.

ஃபுயுவைத் தோல் சீவி, முதலில் குறுக்காக ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். நடுவில் எட்டு இதழ் விரித்த பூ மாதிரி ஒரு வடிவம் தெரியும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே சமையலறையில் வந்து நிற்பார்கள். நாலைந்து வட்டங்களை அப்படியே முழுதாக எடுத்து வைத்துக்கொண்டு, கடைசியில் மேலே அடுக்கினால் வேறு அலங்காரமே தேவையில்லை.

இன்னொன்று: தீபாவளித் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. கொரியாவில் இனிப்புப் பெர்சிமன் அறுவடை அக்டோபர் கடைசியில்தான் சூடுபிடிக்கும். ஆகவே தீபாவளி நவம்பரில் வரும் ஆண்டுகளில் பெர்சிமனைக் கூட்டிப் போடுங்கள். முன்னதாக வந்தால் பேரிக்காயை முன்னே வைத்துக்கொள்ளலாம்.

பேரிக்காயில் எது நல்லது?

உருண்டையாகப் பழுப்புத் தோலோடு இருக்கும் கொரிய, ஜப்பானியப் பேரிக்காய்தான் இதற்கு. வாங்கும்போதே சாப்பிடத் தயாராக இருக்கும், நறுக்கினாலும் மொறுமொறுப்புப் போகாது. கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், அதுதான் சாறு நிறைந்திருப்பதற்கு அடையாளம். கழுத்து நீண்ட மேற்கத்தியப் பேரிக்காய் பறித்த பிறகு உள்ளிருந்து வெளியே கனியும் வகை. வெளியே கெட்டியாகத் தெரியும்போதே உள்ளே மாவாகியிருக்கலாம். அதைத் தனியாகச் சாப்பிடுங்கள்.

ஆப்பிளும் பேரிக்காயும் கறுக்காமல் இருக்க என்ன செய்வது?

நறுக்கிய இடத்தில் பழத்தின் நொதி காற்றோடு சேர்ந்து வேலை செய்வதால்தான் பழுப்பேறுகிறது. புளிப்பு அந்த நொதியை அடக்கும், உப்பும் அடக்கும். நான் உப்புத் தண்ணீர் வழியைத்தான் பின்பற்றுகிறேன். 1 லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நறுக்க நறுக்கத் துண்டுகளை அதில் போட்டுக்கொண்டே வர வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். பிறகு நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசி, சுத்தமான துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். உப்பு கரிக்காது, ஆப்பிள் இனிப்பு இன்னும் தூக்கலாகத்தான் தெரியும்.

எலுமிச்சைச் சாற்றில் புரட்டுவதும் சரிதான். ஆனால் அந்தப் புளிப்பு முழுக்க ஆப்பிளிலேயே ஏறிவிடும், மற்ற பழங்களுக்கு வராது. தண்ணீரில் கொஞ்சம் தேன் கலந்தும் ஊறவைக்கலாம், அதுவும் பழுப்பைத் தடுக்கும்.

ஒரு சிவப்பு ஆப்பிளும் ஒரு பச்சை ஆப்பிளும் எடுங்கள், தோலைச் சீவாதீர்கள். நிறமும் புளிப்பும் அங்கேயே கிடைத்துவிடும். தோல்மேல் இருக்கும் மெழுகு சாப்பிடக்கூடியதுதான், ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் போதும். சோப்புப் போட்டுக் கழுவவே கூடாது.

மாதுளை உரித்தால் சமையலறையெல்லாம் சிவப்பாகிறது. சுலபமான வழி உண்டா?

உண்டு, தண்ணீருக்குள் உரிக்க வேண்டும். மாதுளையின் தலைப்பக்கம் கிரீடம் மாதிரி இருப்பதைச் சுற்றி மேலாக வெட்டி மூடியைக் கழற்றுங்கள். உள்ளே வெள்ளைச் சவ்வுகள் பழத்தைப் பிரிக்கும் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளை ஒட்டியே வெளித்தோலை மட்டும் கீழ்வரை கீறினால் முத்து ஒன்றுகூட அறுபடாது. பிறகு ஒரு பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் பழத்தை முக்கி, கையால் பிட்டு, கட்டைவிரலால் முத்துகளைத் தள்ளிவிடுங்கள். முத்துகள் அடியில் தங்கும், வெள்ளைச் சவ்வு மேலே மிதக்கும். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு வடிகட்டினால் வேலை முடிந்தது. சட்டையிலும் கறை படாது.

மேலே ஊற்றுவதற்கு என்ன சாறு?

லிமாவ் கஸ்தூரி என்று சந்தையில் விற்கும் சின்னப் பச்சை எலுமிச்சை 8, தேன் ஒன்றரை மேசைக்கரண்டி, இஞ்சிச் சாறு ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. இவ்வளவுதான். இஞ்சியைத் துருவிக் கையால் பிழிந்து, தெளிந்ததை மட்டும் எடுங்கள். நன்றாகக் கலக்கிக் குளிரவைத்து, பரிமாறும்போது ஊற்றி, புதினா இலையைக் கையால் கிள்ளிப் போடுங்கள். கத்தியால் நறுக்கினால் இலை கறுத்துவிடும்.

காரசாரம் வேண்டுமென்பவர்களுக்கு லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் கிடைக்கும் சாட் மசாலாவைத் தனிக் கிண்ணத்தில் பக்கத்தில் வையுங்கள். பழமும் காயும் காரச் சாறில் கலந்த ரோஜாக் சாப்பிட்டு வளர்ந்த ஊர் இது, பழத்தில் உப்பும் காரமும் சேர்வது யாருக்கும் புதிதில்லை.

கஸ்டர்ட் அல்லது கெட்டிப்பால் ஊற்றலாமா?

ஊற்றினால் அது வேறு பண்டம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் இன்னொரு நாளைக்கு. தயிர் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சை அன்னாசி, கிவி, பப்பாளி ஆகியவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. தயிரோடு கலந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கசக்க ஆரம்பிக்கும்.

கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்குகிறதே?

இரண்டு காரணம். ஒன்று, கழுவிய பழத்தைத் துடைக்காமல் போட்டிருப்பீர்கள். இரண்டு, சாற்றை முன்கூட்டியே ஊற்றியிருப்பீர்கள். உப்பும் இனிப்பும் பட்டவுடன் பழம் தன் நீரை வெளியே விட ஆரம்பித்துவிடும், ஊறுகாய்க்கு மாங்காயை உப்பில் போடுவது போலத்தான். விருந்தாளிகள் கையில் கிண்ணம் போவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஊற்றினால் போதும்.

தீபாவளிக் காலையில் நேரமே இருக்காதே, எப்போது நறுக்குவது?

எண்ணெய்க் குளியல், கோயில், பெரியவர்களிடம் ஆசி, அதற்குள் சமையல். எல்லார் வீட்டிலும் இதே கதைதான். அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முந்தின இரவே மாதுளை முத்துகளை எடுத்து மூடி வைத்துவிடலாம். திராட்சையைக் கழுவி நன்றாக உலர்த்தி வைக்கலாம். பம்பளிமாசைத் தோலும் சவ்வும் நீக்கிச் சுளைகளாக வைக்கலாம். இவை மூன்றும் ஓர் இரவு தாங்கும். இஞ்சிச் சாறும் பிழிந்து வைத்துவிடலாம். பேரிக்காய், ஆப்பிள், பெர்சிமன் மூன்றையும் நறுக்காமல் முழுதாகவே குளிர்பெட்டியில் வையுங்கள். குளிர்ந்த பழத்தை நறுக்கினால் கிண்ணத்துக்கு வரும்போதும் சில்லென்றே இருக்கும்.

மறுநாள் விருந்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இந்த மூன்றையும் நறுக்குங்கள், ஒருவருக்கு அரை மணி நேர வேலை. ஒரு கடியில் முடியும் அளவுத் துண்டு போதும், பொடிப்பொடியாக வேண்டாம். கலக்கும்போது பம்பளிமாசு கடைசியாகப் போக வேண்டும், முதலில் போட்டால் அதன் முத்துகள் உடைந்து கசியும்.

குளிர்பெட்டியில் ஏற்கெனவே ஆட்டிறைச்சியும் இட்லி மாவும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். நறுக்கிய பழத்துக்கு மேல்தட்டில் இடம் ஒதுக்குங்கள். பச்சை இறைச்சி எப்போதும் கீழே, இறுக மூடி. வெங்காயம், மிளகாய் நறுக்கிய பலகையில் பழத்தை வைக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் அந்த வாசனை பேரிக்காயில் வந்துவிடும். பழத்துக்கென்று ஒரு பலகை தனியாக வைத்திருப்பது நல்லது.

எவ்வளவு நேரம் வெளியில் வைக்கலாம்?

நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும், நம் வரவேற்பறை அதற்கு நடுவில்தான் இருக்கிறது. பெரிய தட்டில் பனிக்கட்டியைப் பரப்பி அதன்மேல் கிண்ணத்தை வைத்தால் குளிர்ச்சி நிற்கும். காலையிலிருந்து இரவு வரை ஆட்கள் வந்துகொண்டிருக்கும் வீடு என்றால், பாதியை மட்டும் எடுத்து வைத்து, மீதியைக் குளிர்பெட்டியிலேயே விட்டு, தீரத் தீரக் கொண்டு வாருங்கள். பழையதன்மேல் புதியதைக் கொட்டாமல் கிண்ணத்தையே மாற்றிவிடுங்கள்.

அக்கா வீட்டுக்கு எம்ஆர்டியில் எடுத்துப் போக வேண்டும். முடியுமா?

முடியும். பழத்தை ஒரு டப்பாவிலும் சாற்றைச் சின்னப் போத்தலிலும் தனித்தனியாக எடுத்து, குளிர்காக்கும் பையில் உறைந்த பனிப்பொதியோடு வையுங்கள். ரயிலில் டுரியானுக்குத்தான் தடை, இந்தப் பழங்களுக்கு இல்லை. வழியில் பிள்ளைகள் கேட்டாலும் டப்பாவைத் திறக்காதீர்கள், ரயிலுக்குள் சாப்பிட்டால் 500 வெள்ளி வரை அபராதம் உண்டு.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், மாத்திரை சாப்பிடுபவர்கள் சாப்பிடலாமா?

இதை நான் ரொம்பக் கவனமாகப் பார்ப்பேன், ஏனென்றால் எங்கள் குடும்பத்திலும் பாதிப்பேருக்குச் சர்க்கரை இருக்கிறது. சுகாதார மேம்பாட்டு வாரியம் நாளொன்றுக்கு இரண்டு பரிமாறல் பழம் சாப்பிடச் சொல்கிறது. ஒரு பரிமாறல் என்பது ஒரு சின்ன ஆப்பிள், அல்லது பத்துத் திராட்சை. அந்தக் கணக்கில் ஒரு சின்னக் கிண்ணம் கிட்டத்தட்ட ஒரு பரிமாறல். ஆனால் அதே நேரத்தில் இரண்டு லட்டும் உள்ளே போயிருந்தால் கணக்கு மாறிவிடும். தேன் ஊற்றாமல் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அவரவர் அளவை அவரவர் மருத்துவர் சொன்னபடி பார்த்துக்கொள்ளட்டும்.

பம்பளிமாசு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளும் இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் உடலில் கரையும் வேகத்தை அது மாற்றக்கூடும், மருந்தின் வீரியம் கூடிவிடலாம். அந்த மாத்திரைகள் எடுப்பவர்கள் மருந்தாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பெரியவர்கள் நிறைய வரும் வீட்டில் நான் பம்பளிமாசைக் கலக்காமல் தனித் தட்டில்தான் வைக்கிறேன். நட்சத்திரப் பழம் பார்க்க அழகாக இருக்கும் என்று சிலர் சேர்ப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து, விருந்துக் கிண்ணத்தில் அது வேண்டவே வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு?

திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள், முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது.

மலாய், சீன நண்பர்களும் வருவார்கள். ஏதாவது பார்க்க வேண்டுமா?

பழத்தில் யாருக்கும் தடை இல்லை, அதனால்தான் எல்லாரும் தயங்காமல் கைவைக்கும் பதார்த்தமாக இது இருக்கிறது. ஒயினோ ஜெலட்டினோ சேர்க்காதீர்கள். பால் பொருளும் தேனும் தவிர்ப்பவர்களுக்குத் தேனுக்குப் பதில் பனைவெல்லப்பாகு கொஞ்சம் ஊற்றலாம், கூலா மெலாக்கா என்ற பெயரில் அந்த வெல்லம் எந்தப் பேரங்காடியிலும் கிடைக்கும். முந்திரி, அக்ரூட் தூவ நினைத்தால் ஒவ்வாமை உள்ளவர்களுக்காக அதைத் தனியாக வைத்துவிடுங்கள்.

எங்கே வாங்குவது?

மாதுளை, புதினா, இஞ்சிக்குத் தேக்கா. பேரிக்காயும் பெர்சிமனும் உங்கள் வட்டாரத்து ஈரச்சந்தைப் பழக்கடையிலேயே நன்றாகக் கிடைக்கும். எந்த நாட்டுப் பழம், எப்போது வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சரியாகச் சொல்வார்கள். பண்டிகைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வாங்கிவிடுங்கள், முந்தின நாள் மாலை சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கால் வைக்கவே இடம் இருக்காது. வாங்கி வந்த ஆப்பிளைப் புதினாவோடும் கீரையோடும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், இலைகள் மஞ்சளாகிவிடும்.

மிஞ்சிப் போனால்?

சாறு ஊற்றாதது என்றால் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள். சாறு ஊற்றியதை ஒரு பாத்திரத்தில் போட்டு, ஒரு துண்டு பட்டையும் இரண்டு கிராம்பும் சேர்த்து, சின்னத் தீயில் இருபது நிமிடம் வேகவிடுங்கள். ஆப்பிளும் பேரிக்காயும் கரைந்து தொக்கு மாதிரி வரும். மறுநாள் காலைத் தோசைக்கு அதைத் தொட்டுச் சாப்பிடத்தான் எங்கள் வீட்டில் போட்டி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் கிடந்ததை மட்டும் கொட்டிவிடுங்கள்.